வாங்கின ஊர் பாஷை

கடவுச்சொல்லா? இப்படித் திருப்புங்கள் அக்கா, நானே அடித்துவிடுகிறேன். வாயால் சொல்ல மாட்டேன். அவர் பேரைத்தான் வைத்திருக்கிறார். விரலால் அடித்தால் பேர் சொன்னதாகாது, இல்லையா? எங்கள் மாமியை, அவர் அம்மாவைக் கேட்டால் அதுவும் குற்றம்தான் என்பார்கள். கேட்டால்தானே.

ம், திறந்துகொண்டது. மெதுவாகத்தான் வரும். பழைய பெட்டி. அவர் சவூதியில், தமாமில் வாங்கி, இரண்டு கம்பளிக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்தது. பாருங்கள், ஒரு எழுத்தாவது உங்களுக்குப் புரிகிறதா? எல்லாம் அரபு. எல்லாம் பக்கம் மாறி உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கைப்பக்கம் இருந்ததெல்லாம் அந்தக் கைப்பக்கம்.

மின்ஹா, அந்த ஒயரைத் தொடாதே. அத்தை திட்டுவாங்க. இந்தா, பிஸ்கட்டைப் பிடி.

முதலில் எனக்கு அழிந்துபோன படங்கள் வேண்டும் அக்கா. 'மணப்பெண்' என்று ஒரு உறை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து பெண் வீட்டுக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அதற்குள் கிடைத்தாக வேண்டும். கிடைக்கவில்லை என்றால் அந்தக் கல்யாணமும் போச்சு, இனிமேல் வருகிற கல்யாணமும் போச்சு. படம் கிடைத்தபிறகு மறுபடி தமிழ் போட்டுத் தாருங்கள். முன்னே நீங்கள்தானே போட்டீர்கள்.

ஞாபகம் இல்லையா? அப்போது இந்தக் கம்ப்யூட்டர் கடைக்குப் பக்கத்தில் பழக்கடை இருந்தது. நான் என் அம்மாவோடு வந்தேன். இவள் வயிற்றில் இருந்தாள். நான் வாயே திறக்கவில்லை, அம்மாதான் பேசினார்கள். "எம் மவ ஆறாவதோட நின்னுட்டாம்மா, இங்கிலீஷ் வராது, தமிழ்ல எதாச்சும் பண்ண முடியுமா?" என்று. நீங்கள் சிரித்துக்கொண்டே, "இதுக்கு எதுக்கும்மா இவ்ளோ தயங்குறீங்க, அதுக்குள்ளயே தமிழ் இருக்கு" என்றீர்கள். எனக்கு அது அப்படியே நினைவிருக்கிறது. அதுக்குள்ளயே இருக்கு என்றீர்கள். நான் அதுவரைக்கும் என்ன நினைத்தேன் என்றால், இங்கிலீஷ் படித்தவர்களுக்கென்று செய்த பொருள், நாம் துடைத்து வைக்கலாம், அவ்வளவுதான் என்று.

வீட்டுக்குப் போய்த் திறந்தேன். 'படங்கள்' என்று போட்டிருந்தது. அழுத்தினேன். உள்ளே படம் இருந்தது. அவ்வளவுதான் அக்கா. இதைத் தெரிந்துகொள்ளவா மனிதர்கள் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள் என்று நினைத்தேன். 'நீக்கு' என்றால் நீக்கும். 'நகலெடு' என்றால் நகலெடுக்கும். கேட்டுவிட்டுத்தான் செய்யும். உறுதியாகவா என்று கேட்கும். ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் வரும். எங்கள் வீட்டில் என்னிடம் அப்படிக் கேட்டுவிட்டு ஒரு காரியம் செய்த ஆளில்லை. சும்மா சொல்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

என்ன படமா? மருதாணி படம் அக்கா. நான் மருதாணி போடுவேன். கல்யாணத்துக்கு, பெருநாளுக்கு, வயதுக்கு வந்த பிள்ளைக்கு. எனக்குப் பேச்சு வராது. நாலு பேர் இருக்கிற இடத்தில் தலை நிமிராது. மருதாணி போடுவதற்குத் தலை நிமிர வேண்டாமே. ஒரு கை இருந்தால் போதும். மருதாணிக் கோனைப் பிடித்தேன் என்றால் அந்தப் பெண் அழுவதும் தெரியாது, சிரிப்பதும் தெரியாது, அந்தக் கைதான் தெரியும். கை நடுங்கினால் மட்டும், "பயப்படாத லாத்தா" என்பேன். வயதில் சின்னவளாக இருந்தாலும் அக்கா என்கிற மாதிரி லாத்தா என்றுதான் சொல்வேன்.

ஆனால் மருதாணி என்ன, நிற்கிற பொருளா? கல்யாணப் பெண்ணுக்கு மறுவீடு வரைக்கும் இருக்கும். அப்புறம் பாத்திரம் துலக்கினாள் என்றால் போச்சு. நான் போட்டேன் என்பதற்கு அத்தாட்சி அந்தப் படம்தான். கையை மட்டும்தான் எடுப்பேன். முகம் எடுக்க மாட்டேன், சத்தியமாக. எடுத்து இந்தப் பெட்டியில் ஏற்றி, எந்த ஊரில் போட்டேனோ அந்த ஊர் பேரிலேயே உறை போட்டு வைப்பேன். அதில் கோப்புறை என்று போட்டிருக்கும். நான் உறை என்பேன், தலையணைக்கு இருக்கிற மாதிரி. கோட்டைப்பட்டினம் ஒன்று, மீமிசல் ஒன்று, ஜெகதாப்பட்டினம் ஒன்று. எங்கள் ஊர் என்று ஒன்று. கல்யாணக் கை மட்டும் தனியாக, மணப்பெண் என்று. வருகிறவர்களுக்குப் பெட்டியைத் திறந்து காட்டினால் போதும். நான் ஒன்றும் சொல்ல வேண்டாம். அவர்களே விரல் வைத்து, "இது மாதிரி, ஆனா மணிக்கட்டுல இது மாதிரி" என்பார்கள். இந்தப் பெட்டிதான் அக்கா எனக்கு வாய்.

அவருக்குத் தெரியும், தெரியாமல் செய்வேனா? போனில் சொன்னேன். "செய் செய், யார் வேணான்னா? ஆனா இவ ஊர் ஊராப் போக ஆரம்பிச்சிட்டான்னு எங்கம்மா காதுல விழக்கூடாது, அவ்ளோதான்" என்றார். எவ்வளவு நல்ல மனசு பாருங்கள். வேறு வீட்டில் என்றால் கோனைப் பிடுங்கி வீசியிருப்பார்கள். என் சின்னம்மா மகளுக்கு அப்படித்தான் நடந்தது. இவர் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. பேசாமல் இருப்பாரே தவிர, கடிந்து பேச மாட்டார்.

இந்த ஹஜ் பெருநாளுக்கு லீவில் வந்தார். பெருநாள் அன்றைக்குச் சாயங்காலம் அவர் கூட்டாளிகள் வந்திருந்தார்கள். அனீஸ் என்று ஒருத்தர், கூடப் படித்தவர், அவரும் இன்னும் இரண்டு மூன்று பேரும். கறியெல்லாம் சாப்பிட்டுவிட்டு, தமாம் படம் காட்டுகிறேன் என்று இவர் பெட்டியை எடுத்து நடு ஹாலில் வைத்துத் திறந்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம், சமையல்கட்டு வாசலில் நிற்கிறேன். எங்களில் வெளி ஆண்கள் இருக்கும்போது நாங்கள் முன்னால் வருவதில்லை.

திறந்தவர் திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டார் அக்கா. அவருக்குத் தமிழ் நன்றாகப் படிக்கத் தெரியும். பத்தாவது வரைக்கும் படித்தவர். ஆனால் அந்த இடத்தில் தமிழ் இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. கண் இங்கிலீஷைத் தேடுகிறது. "இதென்ன கருமம், 'காண்க', 'செருகு', எங்கடா போச்சு எல்லாம்?" என்று மூலைக்கு மூலை தட்டுகிறார். பென் டிரைவைக் குத்திவிட்டார், படம் எங்கே வந்தது என்று தெரியவில்லை. அனீஸ் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன மாப்ள, சவூதியில வேலை பாக்குறேன்னு சொன்னே, ஒட்டகம் மேய்க்கிறியா?" என்கிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. அவர் தவிக்கிறாரே என்றுதான். திரைக்குப் பின்னாலிருந்தே மெதுவாக, "மச்சான், இடது பக்கம் கீழே பாருங்க, 'இந்தக் கணினி'ன்னு இருக்கும். அத ரெண்டு தடவ தட்டுங்க" என்றேன். தட்டினார். வந்தது. அப்புறமும் முழிக்கிறார். "மேல 'காட்சி'ல போயி 'பெரிய படங்கள்' வைங்க, தெளிவாத் தெரியும்" என்றேன். அதுவும் வந்தது.

உடனே அந்த அனீஸ், "மாப்ள, உன் வீட்டுக்கு கஸ்டமர் கேர் உள்ளயே இருக்குடா! நம்பரைக் குடு, எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கு!" என்றார். ஹாலே அதிர்ந்தது. அவரும் சிரித்தார் அக்கா. நான் திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். நன்றாகவே சிரித்தார். எனக்கு அன்றைக்கு என்ன பெருமை தெரியுமா? கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து அந்த வீட்டு ஹாலில் என் குரல் கேட்டது அன்றைக்குத்தான். அவருக்கும் பெருமையாகத்தான் இருந்திருக்கும். ராத்திரி சாப்பிடும்போது ஒன்றும் பேசவில்லை. அசதி.

மறுநாள் நான் என் அம்மா வீட்டுக்குப் போனேன். பெருநாளுக்கு மறுநாள் தாய் வீட்டுக்குப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். அவரும் வருவதாகத்தான் இருந்தது. கால் வலிக்கிறது, நீ பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வா என்றார். மாமி என் நாத்தனார் ரிஸ்வானா வீட்டுக்குக் கறி கொடுக்கப் போய்விட்டார்கள். பாவம், அவர் தனியாக இருப்பாரே என்று சோறாக்கி மூடி வைத்துவிட்டு, இவளைத் தூக்கிக்கொண்டு போனேன். அன்றைக்கு அங்கேயே தங்கிவிட்டோம்.

திரும்பி வந்து பெட்டியைத் திறந்தால் இப்படி இருக்கிறது.

நான் பதறிப்போய், "மச்சான், இது என்ன ஆச்சு?" என்றேன். அவர் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தார். கண்ணாடியிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "அதுவா மாறிடுச்சு போல. சவூதியில வாங்கினதுல்ல, கொஞ்ச நாள் ஆனா வாங்கின ஊர் பாஷைக்கே போயிடும்" என்றார். எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. மனுஷிக்கே தாய் வீட்டு நினைப்பு போகமாட்டேன் என்கிறது, பொருளுக்கு இருக்காதா? "மறுபடி தமிழ் போட்டுத் தர்றீங்களா?" என்றேன். "எனக்கு அதெல்லாம் தெரியாது. ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே, கஸ்டமர் கேரு" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். அப்புறம் லீவு முடிகிற வரைக்கும் என்னை அப்படித்தான் கூப்பிட்டார். "கஸ்டமர் கேரு, டீ கொண்டா." "கஸ்டமர் கேரு, கைலி எங்க?" மின்ஹாகூட ஒருநாள் அப்படிக் கூப்பிட்டாள்.

நானும் விடக் கூடாது என்று படித்துப் பார்த்தேன். எனக்கு அரபு எழுத்து தெரியும் அக்கா. சின்னதிலேயே ஓதக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். குர்ஆன் முழுக்க ஓதி முடித்திருக்கிறேன். நன்றாக ஓதுவேன் என்று ஓதிக்கொடுத்த உஸ்தாது சொல்வார். ஆனால் ஓதத்தான் தெரியும், அர்த்தம் தெரியாது. இந்தத் திரையில் இருக்கிற எழுத்தையெல்லாம் கூட்டி வாசித்துவிடுவேன். அல் இஃதாதாத். அஸ் ஸுவர். வாயில் வருகிறது, மண்டையில் ஏறமாட்டேன் என்கிறது. ரிஸ்வானா வந்து பார்த்துவிட்டு, "ஊருக்கே ஓதிக் காட்டுவியே மதினி, இப்ப ஓதேன், படம் வருதான்னு பாப்போம்" என்றாள். அவளுக்கு வாய் அப்படி. இதெல்லாம் அவள் வேலையாகத்தான் இருக்கும் என்று நான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போதும் நினைக்கிறேன். என் கையில் ஒரு நல்ல பொருள் இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது.

மாமி இன்னொரு பக்கம். மாமிக்கு அரபு எழுத்து என்றால் உயிர். பேரீச்சம்பழ டப்பாவில் அரபு இருந்தால் அந்த அட்டையைக்கூடக் குப்பையில் போட விடமாட்டார்கள். முத்தமிட்டு மேலே வைப்பார்கள். நல்ல பழக்கம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் ஒருநாள் இந்தத் திரையைப் பார்த்துவிட்டார்கள். "அல்ஹம்துலில்லாஹ், இத்தன நாளு சும்மாக் கெடந்துச்சு, இப்பத்தான் வீட்டுக்கு பரக்கத்து" என்று பச்சைத் துணி ஒன்றைத் தைத்து மூடி பீரோ மேலே ஏற்றிவிட்டார்கள். தரையில் வைக்கக் கூடாது. கால் நீட்டி உட்கார்ந்து பார்க்கக் கூடாது. ஒளு செய்யாமல் தொடக் கூடாது. தொழுகைக்குக் கைகால் முகம் கழுவுகிறோமே, அதுதான் ஒளு. மாசத்தில் வீட்டுக்குத் தூரமான நாளில் கிட்டவே போகக் கூடாது. "மாமி, அது ஓதுற எழுத்து இல்ல, குப்பைத் தொட்டின்னுகூட அதுல எழுதியிருக்கும்" என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவ்வளவுதான், நான் மார்க்கத்தையே பழித்தவள் ஆகிவிடுவேன். பள்ளிவாசல் ஆலிம்சாவிடம் கேட்டால் அவரே சிரித்திருப்பார். கேட்கிறது யார், நானா?

அவரிடம் போனில் சொன்னேன். "அம்மா சொல்றதும் நல்லதுக்குத்தானே, அப்படியே இருக்கட்டும்" என்றார். அப்படியே இருந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நானும் வெளியாளாக இருந்தால் சிரிப்பேன். முந்தாநாள் அந்தப் பெண் வீட்டுக்காரர்கள் வந்தார்கள். மாமி பக்கத்து வீட்டில் இருந்தார்கள். நான் ஒளு செய்துவிட்டு, பச்சைத் துணியை எடுத்து, பெட்டியைத் திறந்து, குருட்டுக் கணக்கில் தட்டித் தட்டி மணப்பெண் உறையைக் கண்டுபிடித்தேன். நான் வைத்த பேர் மட்டும் தமிழில் அப்படியே இருந்தது அக்கா. நாலு பக்கமும் அரபு, நடுவில் மணப்பெண். மற்ற உறைகளெல்லாம் கண்ணில் படவில்லை. எங்கள் ஊர் மட்டும் பக்கத்தில் இருந்தது. மீதியெல்லாம் அரபுக்குள்ளே எங்கேயோ புதைந்து கிடக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்த அம்மா, "எங்க பொண்ணு படிச்சவ, அவ பாத்துத் தேர்ந்தெடுக்கட்டும், பென் டிரைவ்ல குடுத்துரும்மா" என்று நீட்டினார்கள். சரி என்று உறை மேல் வைத்து அழுத்தினேன். நகலெடு எத்தனையாவது வரி என்று எனக்குப் பழக்கம். அந்த வரியைத் தட்டினேன். ஒரு கேள்வி வந்தது. அரபில் நீளமாக. கீழே இரண்டு கட்டம். நகலெடுக்கும்போது கேள்வி வராதே என்று பயந்துபோய், இல்லை என்று தட்டிவிடுவோம் என்று, இல்லை எப்போதும் இருக்கிற வலது கைப்பக்கத்தில் தட்டினேன்.

இதில்தான் எல்லாம் பக்கம் மாறி இருக்கிறதே. அது ஆம். முன்னே நான் வரி தவறித் தட்டினதும் நகலெடு இல்லை, நீக்கு.

என் கண் முன்னாலேயே போய்விட்டது. அத்தனை கையும். அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார்கள், பெட்டியைப் பார்த்தார்கள். "சும்மா பொழுதுபோக்குக்கு வச்சிருக்கியாம்மா இத?" என்றார்கள். "வெள்ளிக்கிழமை வாங்க" என்று மட்டும் சொன்னேன். "வெள்ளிக்கிழமைக்குள்ள இல்லன்னா சொல்லிடு, பட்டுக்கோட்டையில ஆள் இருக்கு" என்று போய்விட்டார்கள்.

சாயங்காலம் அவர் போன் செய்தபோது அழுதுவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி விடு. அழிஞ்சிபோற மருதாணிக்கு போட்டோ எதுக்கு?" என்றார். அவர் சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. இருக்கிறது, இல்லையா? ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இன்றைக்குப் பிள்ளைக்கு ஊசி போட வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு, இதைத் துணிப்பைக்கு அடியில் வைத்துக்கொண்டு அறந்தாங்கி பஸ் ஏறினேன். பச்சைத் துணிக்குள்ளே ஒரு தலையணையை வைத்து மூடிவிட்டு வந்திருக்கிறேன்.

என்ன அக்கா? தானாக மாறாதா?

இல்லை, வாங்கின ஊர் பாஷைக்குப் போய்விடும் என்று... போகாதா? மொழி வேறு, நாடு வேறா? நாடு முதலிலிருந்தே சவூதி என்றுதான் இருந்ததா? ஓ, அன்றைக்கு நீங்கள் மொழியை மட்டும்தான் மாற்றினீர்களா. சரி. அப்போ பாஷை? ஒருத்தர் உள்ளே போய், தமிழைத் தேர்ந்தெடுத்து, எடுத்துவிடு என்று சொன்னால்தான் போகுமா? சொன்னாலும் உறுதியாகவா என்று அது ஒரு தடவை கேட்குமா?

அப்படியா.

கிடைத்துவிட்டதா? எங்கே? குப்பைத் தொட்டியிலா? அல்லாஹ்வே, இதுதான், இதுதான் அக்கா. மணப்பெண். திறங்கள், திறங்கள். ஆமாம், இது ஆவுடையார்கோயில் பக்கத்துப் பெண், எவ்வளவு குளிர்ந்த கை தெரியுமா. இது எங்கள் தெருவே. எல்லாம் இருக்கிறது. மின்ஹா, இங்க பாரு, அம்மா போட்ட கை!

இன்னும் இருக்கிறதா? என்ன இன்னும்? நான் இதை ஒன்றைத்தானே...

கோட்டைப்பட்டினம். மீமிசல். ஜெகதாப்பட்டினம்.

இதெல்லாம் இங்கேயா கிடந்தது? குப்பையிலா? நான் இவற்றைத் தொடவே இல்லை அக்கா. இவை புதைந்து கிடக்கின்றன என்றல்லவா நினைத்தேன். வெளியூர் எல்லாம் இங்கே கிடக்கிறது. எங்கள் ஊர் மட்டும் அங்கேயே இருக்கிறது. ஆமாம். எங்கள் ஊரை மட்டும் யாரும் தொடவில்லை.

எப்போது என்று தெரியுமா அதில்? தேதி போட்டிருக்குமா? எங்கே, உங்களுக்கு அந்த எண் படிக்க வராது, தள்ளுங்கள், நான் படிக்கிறேன். எங்கள் குர்ஆனில் ஆயத்துக்கு ஆயத்து, வசனத்துக்கு வசனம் இந்த எண்தான் இருக்கும். இது பன்னிரண்டு. பக்கத்தில் மாசமும் பன்னிரண்டு.

இல்லை அக்கா, டிசம்பர் இல்லை. டிசம்பர்தான் இன்னும் வரவே இல்லையே. பெட்டியில் கோளாறும் இல்லை. நாடு சவூதி என்று இருக்கிறது என்றீர்களே, அதனால் எங்கள் கணக்கில் காட்டுகிறது. எங்களுக்குப் பன்னிரண்டாம் மாசம் துல்ஹஜ். ஹஜ் பெருநாள் வருகிற மாசம். பத்தாம் பிறைதான் பெருநாள். அங்கே பிறை நமக்கு ஒரு நாள் முந்தி. அங்கே பன்னிரண்டு என்றால் நமக்குப் பதினொன்று. பதினொன்று என்றால் பெருநாளுக்கு...

மறுநாள்.

ஒன்றுமில்லை அக்கா. தண்ணீர் இருக்கிறதா?

பிள்ளைதான் அழுத்தியிருக்கும். ஆமாம், பிள்ளைதான். சின்னப் பிள்ளைகள் கை சும்மா இருக்குமா? மின்ஹா, நீதானே அழுத்தினே? இந்த விரல்தானே? பாருங்கள், சிரிக்கிறாள். இவள்தான். வேறு யார் இருக்கிறார்கள் எங்கள் வீட்டில் இதையெல்லாம் செய்ய? பாஷையையும் இவள்தான் எடுத்திருப்பாள். கேட்டிருக்கும், இவள் ஆம் என்று அழுத்தியிருப்பாள். படிக்கத் தெரியாதில்லையா. தெரிந்தவர்கள் யாராவது செய்வார்களா?

நீங்கள் ஏன் அக்கா அப்படிப் பார்க்கிறீர்கள்? அவர் நல்லவர். ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை.

எல்லாவற்றையும் பழைய இடத்தில் எடுத்து வையுங்கள். பென் டிரைவ் ஒன்று கொடுங்கள், அதிலும் ஏற்றுங்கள், இரண்டு இடத்தில் இருக்கட்டும். தமிழ்... தமிழைப் போட்டுவிட்டீர்களா? இருங்கள். போடாதீர்கள். அப்படியே அரபே இருக்கட்டும். மாமி பச்சைத் துணியை எடுத்துப் பார்த்தால் அரபுதான் இருக்க வேண்டும். அவர் அடுத்த லீவில் வந்து திறந்தாலும் அவர் வைத்தது வைத்த மாதிரி... பிள்ளை வைத்தது வைத்த மாதிரியே இருக்க வேண்டும்.

சற்று முன் ஒரு பையன் வந்து கேட்டானே, அவனிடம் நீங்கள் சொன்னீர்கள், நான் காதில் வாங்கிக்கொண்டுதான் இருந்தேன். ஒரே பெட்டியில் இரண்டு ஆளுக்குத் தனித்தனியாக வைக்கலாம் என்று. இவர் பேரைத் தட்டினால் இவருடையது, அவர் பேரைத் தட்டினால் அவருடையது. பாஷையும் ஆளுக்கு ஆள் வேறு வேறாக வைக்கலாமா? இந்தப் பக்கம் அரபு, அந்தப் பக்கம் தமிழ்? ஒன்றை மாற்றினால் இன்னொன்று மாறாதா? அந்தப் பக்கத்து உறையை இந்தப் பக்கத்திலிருந்து நீக்க முடியாதபடி வைக்கலாமா? அப்படி ஒன்று வைத்துக் கொடுங்கள் எனக்கு. நாடும் மாற்றுங்கள் அந்தப் பக்கம். இந்தியா போடுங்கள். மணியும் நம் மணியாக இருக்கட்டும்.

எதற்கா? பிள்ளை மறுபடி அழுத்திவிட்டால்? அதற்காகத்தான் கேட்கிறேன். வேறொன்றுமில்லை.

பேரா? யார் பேர் போடுவதா? மின்ஹா பேர் வேண்டாம். அவர் பேர் அந்தப் பக்கம் இருக்கிறது, அது இருக்கட்டும். ஜுலைஹா என்று போடுங்கள். நான்தான் அக்கா. ஜு... லை... ஹா. ஆமாம், தமிழிலேயே.

கடவுச்சொல்லா? சொல்ல மாட்டேன், நானே அடிக்கிறேன். இல்லை, இது அவர் பேர் இல்லை. கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள் அக்கா.

மின்ஹா, நீயும்தான்.